மதிலுக்கு வெளியே பூசான் நானா

காரைக்காலில் கொரியக் கால்பந்தைக் கரைத்துக் குடித்த ஒரே மனிதர் பூசான் நானாதான். அந்த நாட்டில் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் தெருக்களில் அண்ணனை ‘நானா’ என்பார்கள். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், எண்பதுகளின் பாதியில் ஊரோடு வந்து எங்கள் தெருமுனையில் புரோட்டாக் கடை போட்டார். மாவை வீசும்போதெல்லாம் வாயில் கொரியாவின் பூசான் துறைமுகம்தான். கொரியாவில் எஃகு ஆலைக்கு ஒரு அணியாம், கார் கம்பெனிக்கு ஒரு அணியாம். ஆகவே எங்கள் தெரு அணிக்குத் தன் கடையையே கம்பெனியாக்கி, பனியன் முதுகில் புரோட்டாப் படமும் போட்டுவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் முதுகில் வட்டவட்டமாகப் படை வந்த மாதிரி இருக்கும்.

“மைதானம் எப்படி இருக்கும் நானா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மதிலு நல்ல ஒசரம் தம்பி.”

“உள்ளே?”

“உள்ள யாரு போனா? கையில கப்பலுக்கு வாங்குன ரெண்டு மூட்டை கறி. வாசல்காரன் வுடல. மதில்ல சாஞ்சு நின்னேன். அடேயப்பா, என்னா சத்தம்! அப்புறம் கப்பலு எப்ப அங்க போனாலும் எனக்கு அந்த மதிலுதான்.”

அங்கே அணிகள் இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று கூட்டமாகச் சுற்றி ஆடுமாம்.

“அப்ப எதுதான் அவங்க சொந்த மைதானம்?”

“எங்க நமக்காவக் கத்துறானுவளோ, அதான்!”

உள்ளூரிலும் அதே பழக்கம். எங்கள் ஆட்டம் நடக்கும்போது மைதானத்து மதிலுக்கு வெளியே சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். “வாங்க நானா, உள்ளே நாற்காலி இருக்கு” என்றால், “ஆட்டத்தைக் கேக்க வுடுங்கப்பா” என்று எரிந்து விழுவார்.

இந்த லட்சணத்தில் பக்கத்து ஊர் நெரவி அணி வருஷா வருஷம் வந்து எங்களை எங்கள் மண்ணிலேயே உதைத்துவிட்டுப் போகும். ஒருநாள் நானாவுக்குப் பொறுக்கவில்லை.

“இந்த வாட்டியும் நெரவிகிட்ட தோத்தீங்க, கடையை மூடிட்டு சிங்கப்பூர்ல மவ வூட்டுக்குப் போயிடுவேன். வல்லாஹி, அல்லா மேல ஆணை!”

சிரித்தோம். மறுநாள் கல்லாவுக்குப் பக்கத்தில் கட்டிவைத்த பெட்டி உட்கார்ந்திருந்தது. மனுஷன் இல்லாமல் தெரு என்ன தெரு?

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் நெரவி ஒரு கோல் போட்டது. மளிகைக்கடை அந்தோணி, நானா சாய்ந்திருந்த மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எம்பிக் குதித்தார்.

“கோ...ல்!”

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தெருவே கத்தியது. இரண்டாவது கோலுக்குத் தகர டப்பா முழங்கியது. மூன்றாவதற்கு அந்தோணி துண்டைச் சுழற்றி ஆடினார். கோல் போட்ட நெரவிப் பையன் திருதிருவென்று விழித்தான்.

“என்னங்க, நக்கலா?” என்று நெரவி கேப்டன் சண்டைக்கு வந்தார்.

“மெதுவாப் பேசுங்க தம்பி. மதிலுக்கு அந்தாண்ட நானா நிக்கிறாரு. தோத்தா ஊரை வுட்டே போயிடுவாராம்” என்றார் அந்தோணி.

நானா கடைப் புரோட்டா கேப்டனும் தின்றதுதான். ஜெயித்த நெரவிப் பையன்கள் தோற்றவர்கள் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நானாவைக் கடந்து போனார்கள். “வருத்தப்படாதீங்க புள்ளைங்களா, சாப்புட்டுப் போங்க” என்று அவர்களுக்கும் சால்னா ஊற்றினார். மறுநாள் பெட்டியைக் காணோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கடையில் நாங்கள் இருவர் மட்டும்.

“போன வருசம் நெரவி ஆட்டத்துல தோத்தீங்களே...” என்று மாவைத் தட்டியபடி ஆரம்பித்தார்.

பிய்த்த புரோட்டாவை இலையிலேயே வைத்தேன். “தெரியுமா நானா?”

“கோலு போட்டவன் ஒடனே கத்துவான் தம்பி. நீங்க மூணு வாட்டியும் யோசிச்சில்ல கத்துனீங்க!”

“அப்புறம் ஏன் போவல?”

“பூசான்ல அவ்வளவு சத்தம் கேட்டேன். ஒருத்தனும் எனக்காவக் கத்தல.” கல்லிலிருந்து ஒன்றை எடுத்து என் இலையில் போட்டார். “சாப்புடுங்க, ஆறிடப் போவுது.”

இன்றும் எந்த மைதானத்தில் கோல் விழுந்தாலும், யார் போட்டாலும், நான் உடனே கத்திவிடுகிறேன். வெளியே மதிலில் சாய்ந்தபடி அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் மனசுக்குப் படுகிறது.