விக்டருக்குப் பத்து வெள்ளை லில்லி

கேமராவைக் கழுத்தில் மாட்டியதும் மனிதனுக்கு வரும் முதல் நோய், எதிரில் இருப்பவர்கள் எல்லாம் சோகமாக இருக்க வேண்டும் என்ற ஆசை. எனக்கு அது ஜெர்மனியில், டிரெஸ்டனில் வந்தது. வரும்போதே முற்றிய நிலையில் வந்தது.

ஆய்வு மாணவனாக இருந்த நான், மாலை நேரப் புகைப்பட வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். பாடம் நடத்திய அம்மையார், சோவியத் யூனியன் உடைந்த பிறகு கஜகஸ்தானின் சிற்றூர்களில் சுற்றி, சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைப் படம் எடுத்தவர். ரொட்டிக் கடை வாசல், பேருந்து நிறுத்தம், பனியில் விறைத்துத் தொங்கும் துணிகள். பார்த்த அன்றே நானும் ‘மாறிவரும் சமூகத்தின் சாட்சி’ ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். (ஆய்வு நகராமல் நின்ற நேரம் அது. எதற்காவது சாட்சியாக வேண்டியிருந்தது.)

கஜகஸ்தான் போகவும் தேவையிருக்கவில்லை. அது என் மேல்மாடியிலேயே குடியிருந்தது. விக்டரும் லுட்மிலாவும் கரகண்டாவிலிருந்து வந்து குடியேறிய, ஜெர்மானிய வம்சாவளித் தம்பதி. படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆனால் விக்டர் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் புத்தம்புது காபி மெஷின் வேறு பளபளத்தது. அதை மேசைக்கடியில் ஒளித்துவிட்டு, சிரிக்காமல் ஜன்னல் வழியே வெறித்துப் பாருங்கள் என்று கெஞ்சுவேன். பாவம், வெறிப்பார். கீழே யாராவது போனால் உடனே கையை ஆட்டிவிடுவார்.

வகுப்பின் கண்காட்சி நெருங்கிய சமயத்தில், விக்டரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனதைப் பார்த்தேன். அப்புறம் ஆளையே காணோம். சில வாரம் கழித்து லுட்மிலாவை லிஃப்டில் சந்தித்தேன். லிஃப்ட் போட்ட சத்தத்தில், என் அரைகுறை ஜெர்மனுக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: விக்டர், எழுபது, சனிக்கிழமை மதியம், சொந்தக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள், நீயும் வா. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

நல்ல மனிதர் போய்விட்டாரே என்று உண்மையாகவே வருந்தினேன். ஆனால் வருத்தத்துக்கு ஒரு நொடி முன்னால், ‘இதைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம்’ என்று தோன்றிவிட்டது.

துஷியிடம் ஓடினேன். வுப்பர்டாலில் வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். அப்போது வகுப்பில் என் பக்கத்து நாற்காலி. (இப்போது வீட்டிலும்.) செத்த வீட்டில் ஜெர்மனில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

“ஹெர்ட்ஸ்லிஷஸ் பைலைட் எண்டு சொல்லுங்கோ. தனியப் போகாதேங்கோ, நானும் வாறன்,” என்றாள்.

அவள் ரோல்ஸ் பொரித்து எடுத்து வந்தாள். நான் பத்து வெள்ளை லில்லிப் பூக்கள் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் மேல்மாடிக்குப் போனோம். நடையிலிருந்த கண்ணாடியை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ரஷ்யர்கள் துக்க வீட்டில் அப்படிச் செய்வார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். என் ஞானத்தை நானே மெச்சிக்கொண்டேன். துஷி ரோல்ஸ் தட்டோடு சமையலறைக்குப் போனாள். நான் கூடத்துக்குப் போனேன். கறுப்புக் கோட்டும் கறுப்பு உடையுமாகப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அலமாரி மேல், ராணுவ உடையில் இளம் விக்டரின் பெரிய படம். இரு பக்கமும் மெழுகுவத்தி.

பூங்கொத்தைப் படத்தின் முன்னால் வைத்தேன். கைகூப்பி, கண்ணை மூடி, நெற்றி அலமாரியில் முட்டும் அளவுக்குக் குனிந்தேன். நிமிர்ந்து, லுட்மிலாவின் இரண்டு கைகளையும் பற்றி, மனப்பாடம் செய்ததைத் தழுதழுத்த குரலில் சொன்னேன்.

கழிப்பறையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு, புது நீலச் சட்டையும் கைத்தடியுமாக விக்டர் வந்தார். படத்தையும் பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யார் செத்தது?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த மொழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் மறந்துபோயின. கையை நீட்டி அவரையே காட்டினேன்.

ஆம்புலன்ஸ் வந்தது முழங்காலுக்காம். துணி, சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது கண்ணாடியில் தெறிக்காமலிருக்கப் போட்டதாம். அன்று அவருடைய எழுபதாவது பிறந்தநாளாம். கறுப்பு உடையும் படமும் மெழுகுவத்தியும் அந்த விசேஷத்துக்காம், லிஃப்டில் மூக்கை உறிஞ்சியது ஜலதோஷத்தாலாம். லுட்மிலாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் வழக்கத்தில் இரட்டைப்படையில் பூ, இறந்தவர்களுக்கு மட்டும்தான். ஒரு லில்லியை உருவிப் பால்கனி வழியாக வெளியே எறிந்தார். இனி இந்த வீட்டுக்குள் கேமராவோடு வரக்கூடாது என்று என்னிடம் சொன்னார். கண்காட்சி போயிற்று, நல்ல அண்டை வீடும் போயிற்று என்று வாசலை நோக்கி நடந்தேன். விக்டர் கைத்தடியின் வளைவால் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

“செத்தவனோடு ஒரு கிளாஸாவது குடித்துவிட்டுப் போ.”

அதற்கப்புறம்தான் கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. தோஷம் கழிய அவருடைய ஆரோக்கியத்துக்காக நான் ஒவ்வொருவரோடும் தனித்தனியாகக் குடிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. முடிவில் அந்த வீட்டில் பிணம் போலக் கிடந்தது நான்தான்.

மறுநாள் துஷி ஒரு படத்தைக் காட்டினாள். விக்டரின் படத்துக்கு முன்னால் வில்லாக வளைந்த நான். பின்னால், வாயைப் பொத்திக்கொண்ட சொந்தக்காரப் பெண்மணிகள்.

“சமையலறையிலை தான் விஷயம் தெரிஞ்சுது. சொல்ல ஓடி வந்தன். அதுக்கிடையிலை நீங்கள் குனிஞ்சிட்டியள். மறிக்க ஏலாமப் போச்சு. படமாவது எடுப்பம் எண்டு எடுத்தன்.”

அம்மையார் என் சோகத் தொடரைப் புரட்டிப் பார்த்து, இவர்களுக்கெல்லாம் பல்வலியா என்று கேட்டார். கண்காட்சிக்குத் தேர்வானது துஷியின் படம் ஒன்றுதான். அன்றாட வாழ்க்கையைப் படம் எடுக்கப் போனவன், அன்றாட வாழ்க்கையாகச் சுவரில் தொங்கினேன். கோபம் தணிந்த லுட்மிலா திறப்பு நாளில் அந்தப் படத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கதையை நடித்துக் காட்டினார். விக்டர் படத்திலிருப்பவரின் வாரிசு போலக் கைகுலுக்கி அனுதாபம் வாங்கிக்கொண்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், மகள் வந்து என் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொல்வாள்:

“அம்மா, மூச்சு வருது. பூ வாங்கத் தேவையில்லை.”