முதுகில்லாத கோட்டு

படம் பிடிக்கிறவனுக்குத் தன் முதுகைப் பற்றிய நினைப்பே இருக்காது. உலகம் முழுவதும் தனக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பான். நானும் அப்படித்தான் நம்பினேன், ஆலங்குடாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மானம் கப்பலேறும் வரைக்கும்.

அப்போது சிலாபத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்தும் துணிக்குக் கூப்பன் கேட்ட காலம். ஆனாலும் படத்துக்கு நிற்கிற ஆண்களுக்கெல்லாம் கோட்டு வேண்டும். அதற்கென்றே என் முதலாளி யுத்தத்துக்கு வெகுகாலம் முன்பிருந்து ஒரு கறுப்புக் கோட்டு வைத்திருந்தார். மெலிந்தவருக்கும் தடித்தவருக்கும் பொருந்தவேண்டுமே! அதனால் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டி, இரண்டு பக்கமும் நாடா தைத்திருந்தார். பின்னால் இழுத்துக் கட்டினால் முன்பக்கம் கச்சிதம். உள்ளே போடும் வெள்ளைச் சட்டையும் அதே சாதிதான். கழுத்துப்பட்டியும் நெஞ்சுத் துண்டும் மட்டும். (படத்தில் விழாத முதுகுக்குத் துணி செலவழிக்க அவருக்கென்ன பைத்தியமா?)

அந்த நேரத்தில்தான் அக்கா எனக்குப் பெண் பேசினாள். பெண் ஆலங்குடாவைச் சேர்ந்த பிலோமினா. கோயில் திருநாளில் அவளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தகப்பன் சவிரிமுத்துச் சம்மாட்டியார், சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவர். படம் பிடிப்பதெல்லாம் ஒரு தொழிலா என்பது அவருடைய சந்தேகம். "ஆளைக் கூட்டி வாங்க, பாப்பம். அந்தப் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினார்.

"நல்ல உடுப்பு இருக்காடா?" என்று அக்கா கேட்டாள்.

"கோட்டே இருக்கு" என்றேன்.

என் திட்டம் மிக எளிது. யாருக்கும் முதுகு காட்டுவதில்லை, அவ்வளவுதான். வழியெல்லாம் கமராவின் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு போனேன். (தடிமன், தும்மல் என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன்.) வாசலில் துணியைக் கழற்றி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து, சுவரோரக் கதிரையில் சாய்ந்துகொண்டேன். சம்மாட்டியார் கோட்டையே வெகுநேரம் பார்த்தார். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"எங்க தம்பி, என்னை ஒரு படம் பிடிங்க."

முற்றத்தில் அவரை இருத்தினேன். "ஐயா, நான் சொல்லும்வரைக்கும் அசையக்கூடாது" என்று உத்தரவு வேறு. கமராவின் மேல் கறுப்புத் துணியைப் போட்டு, தலையை உள்ளே விட்டுக் குனிந்தேன்.

ஸ்ரூடியோவில் எனக்குப் பின்னால் இருப்பது சுவர். ஒரு வீட்டிலோ, படத்தில் இல்லாத அத்தனை பேரும் படம் பிடிக்கிறவனுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். இது என் மரமண்டைக்குத் தோன்றவேயில்லை. தாய், சித்திமார், மச்சான்மார், பிலோமினா, எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

குனிந்த வேகத்தில் நாடாக்கள் பட்பட்டென்று அறுந்தன. கோட்டு இரண்டு பக்கமும் விலக, கடற்காற்று வெறும் முதுகில் நேராக வந்து அடித்தது. பின்னால் ஒரு விக்கல் கேட்டது, பிறகு முற்றமே சிரித்தது. "ஐயோ மாதாவே!" என்று அக்கா அலறினாள். நான் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவேயில்லை. அங்கேயே எனக்குக் கல்லறை கட்டியிருந்தால் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பேன். சம்மாட்டியார் மட்டும் சொன்ன சொல் தவறாமல் சிலையாக இருந்தார்.

முதுகில் ஒரு துவாய் வந்து விழுந்தது. "போத்திக்கொள்ளுங்க" என்றது பிலோமினாவின் குரல். சிரிப்பில் நடுங்கிய குரல்தான், ஆனால் இளக்காரம் துளியும் இல்லை. இவளையா இழக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

சம்மாட்டியார் எழுந்து சுற்றிவந்து பார்த்தார். "இது ஆர்ட கோட்டு?"

"ஸ்ரூடியோக் கோட்டு, ஐயா."

"இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டா என்ட மகளைப் பாக்க வந்த? எடு பெட்டியை!"

அக்கா அழத் தொடங்கினாள். நான் கமராவை மடக்கினேன்.

அப்போது பிலோமினாவின் தாய் கிட்ட வந்து, என் கோட்டின் பொத்தான்களை உற்றுப் பார்த்தார். எல்லாம் கறுப்பு, ஒன்று மட்டும் பித்தளை. விறுவிறென்று உள்ளே போய், சுவரில் தொங்கிய படமொன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். இளவயதுச் சம்மாட்டியார், கறுப்புக் கோட்டில். நடுவில் அதே ஒற்றைப் பொத்தான் மின்னியது.

"இஞ்ச பாருங்க, கலியாணம் பேசேக்க எங்கட அப்பாவுக்கு இந்தப் படத்தைத்தானே அனுப்பினீங்க? கோட்டு எங்க எண்டு கேட்டதுக்கு, கறையான் திண்டிட்டு எண்டீங்களே?"

சம்மாட்டியார் மறுபடியும் சிலையானார். இந்த முறை அசையக்கூடாது என்று நான் உத்தரவு போடவில்லை.

"தம்பிக்குத் தேத்தண்ணி குடுங்க" என்றார் கடைசியில், எங்கோ பார்த்துக்கொண்டு.

தவக்காலம் முடிந்த கையோடு கலியாணம் நடந்தது.

பல வருஷம் கழித்து எங்கள் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வந்த அன்று, வீடே அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தது. கொழும்பில் உத்தியோகம், பளபளவென்று உடுப்பு. பிலோமினா தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாம் சரி தம்பி. ஒருக்காத் திரும்பி நில்லுங்க."