ஐஸ் கச்சாங் டாக்டர்

பிள்ளைகளே, பினாங்குத் தீவிலேயே மற்றவர்களின் ரத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர் யார் என்றால், எங்கள் ஐஸ் கச்சாங் டாக்டர்தான். அவர் டாக்டர் இல்லை. சீவிய ஐஸில் சர்க்கரைப்பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்கும் விற்கவில்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாயான் பாரு அடுக்குமாடியில் எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருந்தார்.

இன்று நீங்கள் செயற்கை அறிவு என்று பேசுகிறீர்களே, அதை அவர் அப்போதே சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். தொழிற்சாலை நண்பர்கள் கொடுத்த பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கம்ப்யூட்டர். மூடி கிடையாது. வீட்டில் இருந்த ஒரே விசிறி அதற்குத்தான், இவர் வியர்த்துக்கொண்டிருப்பார். ரத்தசோகையைக் கண்டுபிடிக்க அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இந்த அறிகுறி இருந்தால் அடுத்து இதைக் கேள், இல்லையென்றால் அதைக் கேள் என்று விதி விதியாகத் தட்டுவார்.

"டாக்டருங்கதான் இருக்காங்களே, இது எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"டாக்டருக்கு வெளிய நாப்பது பேரு காத்திருக்காங்க தம்பி. இதுக்கு யாரு காத்திருக்கா? பொறுமையா கேக்கும்லா."

பெட்டி கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" அது எதற்கு என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "வீட்டுக்கு வந்தவங்கள சாப்பிட்டியான்னு கேக்காம நோய விசாரிக்கலாமா? மரியாதை வேணாமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடிக்காரர்களை வரிசையில் நிற்க வைத்தார். அன்று பெட்டி ஒருவரையும் விடவில்லை. எல்லாருக்கும் இரும்புச்சத்துக் குறைவு என்றது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி அழும், அப்படிப்பட்ட உடம்பு கோப்பிக்கடை மணியத்துக்கு. அவருக்கும் அதே தீர்ப்பு.

"யோவ், என்னப் பாத்தா ரத்தம் இல்லாதவன் மாதிரியா இருக்கு?"

மூன்று நாள் யோசித்துத்தான் கீழ்வீட்டுக்காரர் தப்பைக் கண்டுபிடித்தார். ஐஸ் கட்டியை விடாமல் கடித்துத் தின்னும் ஆசை இரும்புச்சத்துக் குறைவுக்கு ஓர் அறிகுறி என்று ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. 'ஐஸ் சாப்பிடுவீர்களா?' என்று பெட்டி கேட்டதும், ஐஸ் கச்சாங்கை நினைத்து அத்தனை பேரும் 'ஆமா' என்றிருக்கிறார்கள்.

"அந்த ஊர்ல ஐஸ் திங்கிறவன் நோயாளி. இந்த வெயில்ல திங்காதவன்தான் நோயாளி" என்று முனகியபடி, 'ஐஸ் கச்சாங் நீங்கலாக' என்று சேர்த்தார். பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது.

எல்லாரும் சிரித்தோம். உங்கள் கமலா அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்தாள். நான் ஓட்டிய தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவாள். ரத்தம் குறைவு என்று மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, எனக்கு ரத்தத்துல புத்துநோயா இருக்குமோ?"

அவளைக் கீழ்வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஐஸ் கச்சாங் டாக்டர் பெட்டியின் கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில்களைத் தட்டிவிட்டு, அவளுடைய பழைய ரத்த ரிப்போர்ட்டை வாங்கி, எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது.

"இரும்புக் குறைவுன்னு தோணலங்குது. சிவப்பு அணு சின்னதா இருக்கு, ஆனா எண்ணிக்கை குறையல. தலசீமியா டெஸ்ட் பண்ணச் சொல்லுது. பெட்டி சொல்றது முடிவில்லம்மா. டெஸ்ட்தான் முடிவு."

அவர் வேலை செய்த கிளினிக்கின் டாக்டர், தாளில் இருந்த 'ஐஸ் கச்சாங் நீங்கலாக' என்ற வரியைப் பார்த்து, "ஐஸ் கச்சாங்கா?" என்று சிரித்தார். ஆனாலும் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வரும்வரை கமலா பஸ்ஸில்கூடத் தூங்கவில்லை.

பெட்டி சொன்னது சரி. புற்றுநோய் இல்லை. பெற்றோர் வழியாகப் பிறப்பிலேயே வந்த சிறிய அணுக்கள்; அந்தத் தன்மையைச் சுமப்பவள், அவ்வளவுதான். இரும்பு மாத்திரையே தேவையில்லை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். பிறகு தாளின் முதல் வரியில் விரலை வைத்தார்.

"'சாப்பிட்டாச்சா? இல்லை'ன்னு இருக்கே. காலையில சாப்பிடறதே இல்லையா? வெறும் வயித்தோட எட்டு மணி நேரம் நின்னா களைக்காம என்னம்மா செய்யும்?"

கமலா அழுதாள், பிறகு வெளியே வந்து இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கச் சொன்னாள். இரண்டும் உனக்கா என்றேன். ஒன்றை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மற்றதைப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஊரையே 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கப் பெட்டி செய்தவரின் மேசையில் அன்று காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றுதான் கிடந்தது.

"நீங்க சாப்பிட்டாச்சாண்ணே?" என்று கமலா பொட்டலத்தை நீட்டினாள்.

எல்லாக் கேள்விக்கும் விதி எழுதி வைத்திருந்த மனிதர், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பெட்டிக்கு என்று வைத்திருந்த விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.