தயவுசெய்து பறிமுதல் செய்யவும்

துறைமுகச் சோதனைக் கூடத்தில் அந்த நீளப் பை உருளைகளின் மேல் ஆடி அசைந்து ஸ்கேன் பெட்டிக்குள் போனது. அது எப்படியாவது மாட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் வேண்டிக்கொண்டு நின்றார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்.

முன்னால் போனவரின் நகவெட்டியைக்கூட விடாமல் பிடித்த பெட்டி அது. ஆள் உயர மிதவைப் பலகையைக் காற்றிறக்கிச் சுருட்டி வைத்திருக்கும் பையைச் சும்மா விட்டுவிடுமா?

விடவில்லை. பாதுகாப்பு அதிகாரி கையைத் தூக்கினார். சிரித்துப் பழக்கமில்லாத முகம் உள்ள பெண்மணி.

"இது யார் பை?"

"என்னுதுதான் மேடம்." குரலில் பொங்கிய சந்தோஷத்தை இருமி மறைத்தார் கடைக்காரர்.

விஷயம் இதுதான். கடைக்காரருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தாலே நெஞ்சு அடைக்கும். ஆனால் கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு நீச்சல் வருமா?" என்று கேட்டுவிட்டார். ஊர் நீச்சல் குளத்தில் மாஸ்டர் அவர். கரையில் நின்று விசில் ஊதியே பாதி ஊருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர். "தண்ணியக் கண்டு ஓடறவனுக்கு என் பொண்ணு கிடையாது" என்று கறாராகச் சொன்னார்.

பெண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார் கடைக்காரர். அதனால், "எனக்குக் கடல்தான் மாமா எல்லாம்" என்று ஒரே போடாகப் போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தக் கரையைத் தொட்டுட்டுத் திரும்பி வருவேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். வாய் சும்மா இருந்தால்தானே.

அன்றிலிருந்து இன்றுவரை சளி, காதுவலி, கடையில் ஆள் இல்லை என்று ஏதேதோ சொல்லித் தண்ணீர்ப் பக்கம் போகாமலே காலத்தை ஓட்டிவிட்டார். மாஸ்டர் மகளாகிய மனைவி, "நான் மீனுக்கே சொல்லிக் குடுப்பேன்" என்று பீற்றிக்கொள்வாளே தவிர, வாங்க போகலாம் என்று வற்புறுத்தியதில்லை. தங்கமானவள். அவளுடைய ஒரே ஒரு குணத்துக்குத்தான் பயம். பொய் சொன்னால் அவளுக்கு ஆகாது. வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னதற்காகச் சொந்தத் தங்கையோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவள். அவள் தன்னோடு பேசாமல் இருக்கும் வீட்டை நினைத்தாலே கடைக்காரருக்குக் குலை நடுங்கும்.

இந்த நேரத்தில்தான் வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அப்பா அம்மாவின் கல்யாண வெள்ளிவிழாவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டாள். தாத்தாவுக்கும் சேர்த்து. நடுவில் ஒரு தீவில் கப்பல் நிற்குமாம். காற்றடித்தால் மிதக்கும் பலகை, பம்ப், துடுப்பு, மூச்சுக் குழாய்கள் எல்லாம் பார்சலில் வந்து இறங்கின. "மூணு புலியும் கடல்ல நீந்தற வீடியோ எனக்கு வேணும்" என்று போனில் உத்தரவு.

"எனக்குக் கண்ணாடி இல்லேன்னா பக்கத்துல நிக்கற ஆளே தெரியாது. தண்ணிக்குள்ள போய் என்னத்தப் பார்க்கறது? நான் கரையிலயே உக்காந்துக்கறேன்" என்றாள் மனைவி.

அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு தானும் கரையில் உட்கார்ந்திருக்கலாம். தொழில் திமிர் யாரை விட்டது? "அவ்வளவுதானே" என்று கடைக்குப் போய், அவளுடைய பவரில் லென்ஸ் தேய்த்து, நீச்சல் கண்ணாடியில் பொருத்திச் சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கும் கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கே மாப்பிள்ளை" என்றார் மாமனார். அவருக்கும் ஒன்று தயார். இரண்டு பேரும் மாட்டிப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. தன் கைவேலையைப் பார்த்து வாயடைத்துப்போனார்கள் என்று கடைக்காரர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பெருமை தணிந்தபிறகுதான் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லவேளையாகக் கப்பல் கம்பெனியின் விதிமுறைத் தாள் கண்ணில் பட்டது. பயணிகள் சொந்தப் பலகை கொண்டுவரக் கூடாது. மீறினால் பறிமுதல். கடைக்காரர் அந்தத் தாளை முத்தமிடாத குறை. மூச்சுக் குழாய், நீச்சல் கண்ணாடி என்று சகலத்தையும் பலகைக்குள் வைத்துச் சுருட்டி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். மொத்தமாகப் போகட்டும். பழி கப்பல்காரன்மேல்.

இப்போது அதிகாரி அந்தக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்தப் பலகைக்கு அனுமதியில்ல சார்."

"ஐயையோ, அப்படியா?" என்றார் கடைக்காரர். பக்கத்தில் மனைவியும் மாமனாரும் நிற்கிறார்களே, கொஞ்சம் வருத்தம் காட்ட வேண்டாமா. "சரி, விதின்னா விதிதான். எல்லாத்தையும் எடுத்துக்கோங்க."

"பலகை மட்டும்தான் சார். கண்ணாடி, குழாயெல்லாம் நீங்க கொண்டு போகலாம்."

கடைக்காரருக்குத் திக்கென்றது. "அதெப்படி? எடுத்தா எல்லாத்தையும் எடுங்க. பிரிக்கக் கூடாது."

"எதுக்கு சார்?"

"ஒண்ணா வந்தது ஒண்ணாத்தான் இருக்கணும் மேடம். பலகை இல்லாம அந்தக் கண்ணாடி மட்டும் எதுக்கு? வெள்ளிவிழாவுக்குன்னு என் பொண்ணு அனுப்பினது. அந்தக் கண்ணாடியோ என் கையாலயே என் வீட்டம்மாவுக்குச் செஞ்சது. ஒண்ணு போனா எல்லாம் போகட்டும்."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். "பாவம், விட்டுடுங்களேன்" என்று நாலு பேர் குரல் கொடுத்தார்கள். அதிகாரி யோசித்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டார். திரும்பி நின்று பேசிவிட்டு வந்தார்.

"கேப்டன் வரைக்கும் பேசியாச்சு சார். உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் அனுமதி. பலகை எங்க பொறுப்புல இருக்கும். தீவுக்குப் போனதும் நாங்களே காத்தடிச்சுத் தண்ணியில போட்டுத் தருவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கடைக்காரரும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

"சமத்தா பேசினீங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வயசாகிவிட்டது, படி ஏறின களைப்பு என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர்.

கேபினில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வட்ட ஜன்னலைத் திறந்தால் கடல். மூடினாலும் கடல்தான், சத்தம் கேட்கிறதே. உட்கார்ந்தார், எழுந்தார், சட்டையை மாற்றினார், மறுபடி பழைய சட்டையையே போட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க இப்படி நிலைகொள்ளாம தவிக்கறீங்க?" என்றாள் மனைவி. அவளும் அதே துண்டை இத்தோடு எத்தனையோ தடவை மடித்துவிட்டாள்.

"கடலைப் பார்த்ததும் கையும் காலும் பரபரன்னு இருக்கும்மா."

"இருக்கும், இருக்கும்" என்றாள் அவள், துண்டை உதறி மறுபடி மடித்துக்கொண்டே.

அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, மூச்சுக் குழாய்களை எடுத்துக்கொண்டு நடைபாதைக் கோடியில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் திணித்துவிட்டு வந்தார். குழாய் இல்லாமல் எப்படி மூச்சு விடுவது? மூச்சு விடாமல் எப்படி மீன் பார்ப்பது? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

கண்ணை மூடியிருக்க மாட்டார், கதவு தட்டப்பட்டது. அறையைச் சுத்தம் செய்யும் ஊழியர் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"உங்க குழாய் குப்பைத் தொட்டியில கெடந்துச்சு சார். யாரோ விஷமம் பண்ணியிருக்காங்க. கழுவித் தொடச்சுக் கொண்டாந்திருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்பா" என்றார் கடைக்காரர் நொந்துபோய்.

"இந்த நீச்சல் கண்ணாடி ரெண்டும் உங்களுதுதானே சார்? ஒண்ணு மேல் டெக்குல பூந்தொட்டிக்குள்ள இருந்துச்சு. ஒண்ணு லிஃப்ட்டுக்குள்ள கெடந்துச்சு."

கடைக்காரர் முழித்தார். இதை அவர் செய்யவில்லையே. கப்பலில் தனக்கு உதவி செய்யும் நல்ல ஆத்மா ஏதோ உலவுகிறது போலிருக்கிறது. அதற்கும் திறமை போதவில்லை.

"அப்பாடா, கெடச்சுடுச்சா" என்றாள் குளித்துவிட்டு வந்த மனைவி. சொல்லிவிட்டு அப்படியே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். எதிர் அறையிலிருந்து எட்டிப் பார்த்த மாமனார் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வழி, காது. கப்பலில் டாக்டர் இருக்கிறார். காதுவலி என்று போய் நின்றால் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லாத டாக்டர் உலகத்தில் உண்டா? யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார். போனால், டாக்டர் அறை வாசல் பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ எங்க இங்க?"

"உங்களைத் தேடித்தாங்க வந்தேன்."

தான் இங்கே வரப்போவது தனக்கே இப்போதுதான் தெரியும், இவளுக்கு எப்படித் தெரிந்தது? கால் நூற்றாண்டு குடித்தனம் நடத்தினால் மனசில் நினைப்பதுகூடத் தெரிந்துவிடும் போல. கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளிடமா பொய் சொல்லிக்கொண்டு திரிகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "முத்து மாதிரி இருக்கு சார் காது. நாள் பூரா தண்ணியில கெடக்கலாம்." வாசலில் இருக்கும் மனைவிக்குக் கேட்கும்படி அதை உரக்க வேறு சொன்னார்.

அன்று மாலை சாப்பாட்டுக் கூடத்தில் மைக்கைப் பிடித்தான் நிகழ்ச்சி நடத்துகிறவன். "நம்ம கப்பல்ல ஒரு நீச்சல் குடும்பமே வந்திருக்கு. நாளைக்குத் தீவுல முதல்ல கடல்ல இறங்கப்போறது அவங்கதான். மத்தவங்களுக்கெல்லாம் மிதவைச் சட்டை உண்டு. புலிங்களுக்கு எதுக்குச் சட்டை?"

கூடமே சிரித்துக் கைதட்டியது. மாமனாருக்குப் புரையேறியது. மனைவி எழுந்து நின்று கும்பிட்டாள். கூப்பிய கையை இறக்கவே மறந்துபோனாள். அவ்வளவு ஆர்வம் என்று நினைத்தார் கடைக்காரர்.

கேபினுக்குத் திரும்பியதும் கதவைத் தாழிட்டார். இனி சொல்லிவிட வேண்டியதுதான். பேசாமல் இருந்தால் இருக்கட்டும், மூழ்கிப்போனால் எப்படியும் பேச முடியாது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. கல்யாணத்துக்கு முன்னால நடந்தது."

மனைவி நிமிர்ந்தாள். "எனக்குத் தெரியும், அந்தக் கரையைத் தொட்டுட்டு வந்த கதைதானே? அதைக் கேட்டுத்தாங்க எனக்கு உங்களைப் புடிச்சுது. இந்தாளை நம்பி எங்க வேணாலும் போகலாம்னு அப்பா சொன்னாரு. நானும் அதை நம்பித்தான் இவ்வளவு நாள் தைரியமா இருந்தேன்."

இதற்குமேல் மனுஷன் எதைச் சொல்வது? "அதேதான். அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று படுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் புரளும்போதெல்லாம் பக்கத்துக் கட்டிலும் கிரீச்சிட்டது.

விடிந்தபோது கப்பல் நின்றிருந்தது. ஜன்னலில் தீவு. மனைவி படுக்கையில் இல்லை. மாமனார் அறைக் கதவும் திறந்து கிடந்தது. ஆசை தாங்காமல் டெக்குக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேரும் தண்ணீரில் பிறந்த ஜென்மங்கள், நான் ஒருத்தன்தான் நடுவில் வந்து மாட்டிக்கொண்டவன் என்று மனசு அடித்துக்கொண்டது.

படகு இறங்கும் வாசலுக்கு ஓடினார். காற்றடித்த பலகை சுவரில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் மேஜை போட்டு அதே பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை.

"மேடம், ஒரு உதவி. இதையெல்லாம் பறிமுதல் பண்ணிடுங்க."

"ஸ்பெஷல் அனுமதி வாங்கிக் குடுத்திருக்கோமே சார்."

"ரத்து பண்ணிடுங்க. விதி மாறிடுச்சுன்னு சொல்லுங்க. பலகை ஓட்டைன்னு சொல்லுங்க. சுறா வந்துடுச்சுன்னு வேணும்னாலும் சொல்லுங்க." மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்த வார்த்தை வெளியே வந்தது. "எனக்கு நீச்சல் தெரியாது மேடம். சுத்தமா தெரியாது. பொய் சொல்லித்தான் கட்டிக்கிட்டேன்."

சொன்னதும் நெஞ்சுப் பாரம் இறங்கின மாதிரி லேசாக இருந்தது. அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். என்ன காரணம் வேணாலும் சொல்லுங்க. என் வீட்டம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டும் இது தெரிஞ்சுடக் கூடாது. தெரிஞ்சா என் மானமே போயிடும்."

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"கொஞ்ச நேரம் முன்னால பெரியவர் வந்து, பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியக் கூடாதுன்னு இதே நாற்காலியில உக்காந்து அழுதாரு, அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா வந்து, அப்பாவுக்கும் வீட்டுக்காரருக்கும் தெரியக் கூடாதுன்னு அழுதாங்க, இப்ப நீங்க வந்திருக்கீங்க, நெஜமாவே உங்க வீட்டுல நீச்சல் தெரிஞ்சவங்க யாருதான் சார்?"