இரண்டாம் பக்கத்து லாரி

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்கள் தவறு செய்யமாட்டார்கள் என்பது, பட்டியல் போடுகிறவர்களின் நம்பிக்கை. 2003இல் எனக்கும் அது இருந்தது. கூடவே எலக்ட்ரிக்கல் டிப்ளமோவும்.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நேர்முகத் தேர்வு. அந்த வேலை கிடைக்காவிட்டால், ஆண்டிமடத்து மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொல்லிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். எனவே ரெஸ்யூம் குறையில்லாமல் இருக்க வேண்டும். பெயர், முகவரி, மதிப்பெண், புராஜெக்ட் என்று வரிசையாகச் சரிபார்த்து டிக் அடித்தேன். ஜெயங்கொண்டத்தில் அதை அடித்துக் கொடுத்த கம்ப்யூட்டர் கடை அண்ணன், "ரெண்டாம் பக்கத்த வுடும்மா, அது எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். (வுட்டுட்டேன்.)

அதிகாரி முதல் பக்கத்தை ஒரு கொட்டாவியில் கடந்தார். இரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஹெவி லைசென்ஸ் போட்டிருக்கே, லாரி ஓட்டுவீங்களாம்மா?"

எனக்கு முன்னால் அந்தக் கடைக்கு வந்த யாரோ ஒரு டிரைவரின் தகுதி அது. அவர் பெயரை அழித்த அண்ணன் அவர் லாரியை அழிக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நேர்முகத் தேர்வுக்காக நான் எழுதிவைத்திருந்த விதிகளில் முதலாவது: ரெஸ்யூமில் இருப்பதை மறுக்காதே.

"ஓட்டுவேன் சார்" என்றேன் நிதானமாக. (அதுவரை நான் ஓட்டியது சைக்கிள். அதுவும் இறக்கத்தில்.)

அவர் சிரித்துக்கொண்டே ஜன்னலைக் காட்டினார். வாசலை அடைத்தபடி ஒரு டிப்பர் லாரி நின்றது. "டிரைவர் சாப்புடப் போயிட்டான். சாவி வண்டியிலதான் இருக்கு. கொஞ்சம் ஓரமா போட்டுட்டு வாங்களேன்."

போய் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. துப்பட்டா கதவில் மாட்டிக்கொண்டது. சாவியைத் தொட தைரியம் வராமல் கைக்கு அகப்பட்டதை அழுத்தினேன். ஹாரன். ஆலையே வெளியே வந்து பார்த்தது.

"எறங்கும்மா! தாயே, எறங்கு!" என்று அதிகாரி ஓடிவந்தார்.

வேலை அங்கேயே போயிற்று. தலைகுனிந்து வெளியே வந்தால், எதிர் டீக்கடையில் எனக்காகக் காத்திருந்த அப்பா பூரித்துப்போய் நிற்கிறார்.

"லாரி கொடுத்துட்டாங்களா! நம்ம மீன்சுருட்டியில எந்தப் பொம்பள லாரி ஓட்டுறா?"

"இல்லப்பா, அது வந்து..."

"நீ சும்மா இரு. நாந்தான் கண்ணால பாத்தேனே!"

ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார். செய்தி ஆண்டிமடத்துக்கும் போனது. "லாரி ஓட்டுற பொண்ணு எங்க வூட்டுக்குத் தாங்காதுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள். கிடைத்த அவகாசத்தில் இரண்டு பக்கத்தையும் நானே அடித்தேன். பெரம்பலூரில் வேலை கிடைத்தது.

இன்றும் விசேஷ வீடுகளில் யார் கார் வழியை மறித்தாலும், "அவள எடுக்கச் சொல்லுங்கடா, அவதான் ஹெவி லைசென்ஸு" என்று அம்மா குரல் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். என் பக்கமாகக் குனிந்து, "லைசென்ஸப் புதுப்பிச்சிட்டியாம்மா?" என்று அக்கறையாகக் கேட்பார்.