சுண்ணாம்பு சாரின் சுவரில்லாத வீடுகள்

போர்ட் பிளேரில் எங்கள் பக்கத்தில் யார் புது வீடு கட்டினாலும், அதில் முதலில் குடியிருந்த பெருமை சுண்ணாம்பு சார் குடும்பத்துக்குத்தான். சொந்தக்காரர்கள் எல்லாம் பிறகுதான்.

சார் ஆர்க்கிடெக்ட். ஜங்லிகாட்டில் மீன்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். தமிழர்களுக்குச் சுண்ணாம்பு சார், மற்றவர்களுக்கு அதையே இந்தியில் சூனா சாப். அசல் பெயர் பெயர்ப்பலகைக்கு மட்டும் தெரியும். பொறியியல் முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் கையில் கொடுத்தவை மூன்று: டேப், ஒரு வாளி சுண்ணாம்புத்தூள், குடை. கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டேன்.

"அது வீட்டுக்காரங்களுக்குப் படம் காட்டம்மா. நமக்கு கிரவுண்டுதான்."

பிளான் தயாரானதும் தெருக்கோடி மைதானத்தில் அதை முழு அளவில் சுண்ணாம்புக் கோடாகப் போடுவார். ஞாயிறு சாயங்காலம் மனைவி மல்லிகா அக்காவையும் இரண்டு பெண்களையும் அதற்குள் குடிவைப்பார். அக்கா ஸ்டவ் பற்றவைத்து டீ போட வேண்டும். பெண்கள் படுக்கையறையில் பாய் விரித்துச் சண்டை போட வேண்டும். சண்டை ஹாலுக்குக் கேட்கிறதா என்று சார் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். சுவரே இல்லாத இடத்தில் எப்படிக் கேட்காமல் இருக்கும் என்று விசாரிக்கும் தைரியம் எனக்கு முதல் மாதம் வரவில்லை.

ஒருமுறை ரேஷன் கடை கிளார்க் வீட்டுக் கோடுகளுக்குள் அக்கா டீ டம்ளரோடு சமையலறையிலிருந்து நேராக நடந்து வந்துவிட்டார்.

"மல்லிகா, அது சுவர்."

"கை சுடுதுங்க."

"சுட்டா என்ன, கதவு வழியா வா."

அக்கா திரும்பிப் போய்ச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் பாதி டீ கையில் கொட்டியது. கிளார்க் வீட்டுச் சமையலறைக் கதவு அன்றே பிளானில் இரண்டடி நகர்ந்தது. இன்றுவரை அந்த வீட்டில் டீ சிந்தியதில்லை.

அக்கா இப்படி வாழ்ந்த வீடுகளுக்குக் கணக்கில்லை. எதற்கும் கூரை கிடையாது. கூரையோடு இருந்தது இரண்டறை வாடகை வீடு. அதிலும் பாதி இடம் கட்சால் தீவுக்காரர்களுக்கு. சார் அங்கே ரப்பர் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை. அந்தத் தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற யாரும் கப்பலைவிட்டு இறங்கினால் நேராக அவர் வீடுதான். கல்யாணமான நாளிலிருந்து அக்கா சொந்த வீடு கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக சார் மனை வாங்கி, பிளான் போட்டு, மைதானத்துக்கு வந்தார்.

அந்த ஞாயிறு கப்பலும் வந்திருந்தது. வந்தவர்களை எல்லாம் ஹாலுக்குள் வரிசையாகப் படுக்கவைத்தார்.

"காலை நல்லா நீட்டுங்க பெரியப்பா."

பெரியப்பா நீட்டினார். கால் சுவரைத் தாண்டியது. சார் சுவரைச் சமையலறைப் பக்கம் தள்ளினார். அடுத்தவர் இன்னும் உயரம். மறுபடி தள்ளினார். கடைசியில் சமையலறையில் ஸ்டவ்வும் அக்காவும் மட்டும் நிற்க இடமிருந்தது. ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெங்காலி மீன்கார அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"அரே சாப், மல்லிகா பாபி கிச்சன்ல நிக்கிறாங்களா, லிஃப்ட்லயா?"

படுத்திருந்தவர்கள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அக்கா ஸ்டவ்வை அணைத்தார்.

"உங்க வீடு நல்லா இருக்கு. எல்லாரும் இருந்துக்குங்க. நான் வாடகை வீட்டுலயே இருந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு சுவர் வழியாகவே வெளியேறினார்.

சார் அதைக் கண்டிக்கவில்லை. என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"இந்தா. நீயே போடு."

அக்கா வாளியை வாங்கிக்கொண்டார். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து முதலில் சமையலறையைப் போட்டார், நாலு பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி. மிச்சம்தான் ஹால்.

"நம்ம ஆளுங்க எங்க படுப்பாங்க மல்லிகா?"

"கப்பல்ல எப்படிப் படுத்து வந்தாங்க? பங்க் கட்டில்லதானே? இங்கயும் ஒண்ணு மேல ஒண்ணா பங்க் அடிங்க."

படித்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்புறம், கிச்சனுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்."

"அது எதுக்கு?"

"உங்களுக்காகத்தான்."

வீடு அப்படியே எழும்பியது. சார் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால், உள்ளே டக்கென்று தாழ்ப்பாள் விழும். சற்று நேரத்தில் அத்தனை பேருக்கும் டீயோடு கதவு திறக்கும். சில வருஷம் இந்தக் கச்சேரி நடந்தது.

போன மழைக்காலத்தில் சார் தவறிப்போனார். கப்பல் வந்தால் பங்க்குகள் இன்னும் நிறைகின்றன. அக்கா மட்டும் அந்தக் கதவைத் தாழிடுவதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறார். அங்கே இருக்கும்போது நானும்தான்.