ரூல்ஸ் அண்ணனின் பத்து நிமிஷம்

கொடைக்கானல் மலையில் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த மனிதர் ஒரே ஒருவர்தான். நாங்கள் அவரை ரூல்ஸ் அண்ணன் என்போம். வட்டக்கானல் போகும் வழியில் நான் ரிசப்ஷனில் இருந்த ஹோட்டலின் நீச்சல் குளத்துக்குக் காவல் அவர். குளிக்கவே யோசிக்கிற ஊரில் நீச்சல் குளம் எதற்கு என்று கேட்காதீர்கள். முதலாளிக்கு ஆசை, கட்டிவிட்டார். வருஷத்தில் பாதி நாள் அதற்குள் மேகம்தான் இறங்கும்.

ஆள் இல்லாத குளத்தைச் சுற்றி அண்ணன் இருபது அட்டைகள் தொங்கவிட்டிருந்தார். ஓடக் கூடாது, துப்பக் கூடாது, விசில் ஊதிய பிறகு தண்ணீரில் இருக்கக் கூடாது. ஒருமுறை குரங்கு ஒன்று கரையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றது. அதற்கும் விசில் ஊதி, அட்டையைக் காட்டினார். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சீசன் முடிந்ததும் குளத்தை மூடி கார் நிறுத்துமிடம் ஆக்கப்போவதாக முதலாளி சொன்னார். மறுநாள் காலை அண்ணன் என் மேஜைக்கு முன் வந்து நின்றார்.

"ஏலே, ஏழு பேர் வேணும். மூடுறதுக்குள்ள ஒரு மேட்ச் நடத்திரணும்."

"என்ன மேட்ச்ணே?"

"வாட்டர் போலோ."

அப்போதுதான் அவர் கதை எங்களுக்குத் தெரிந்தது. இளம் வயதில் ஒரு காவல் படை அணியில் ஒன்பது வருஷம் மாற்று கோல்கீப்பராக இருந்திருக்கிறார். முதல் கோல்கீப்பருக்கு ஒன்பது வருஷமும் காய்ச்சல்கூட வரவில்லை. அண்ணன் கரையில் துண்டோடு உட்கார்ந்தே ஓய்வு பெற்றுவிட்டார். விசிலும் விதியும் உள்ள ஒரு நிஜ மேட்சைத் தன் குளத்தில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எனக்கு அன்று வேலை ஓடவில்லை.

ஆட்டம் சுலபம் என்றார். பக்கத்துக்கு ஏழு பேர். காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பந்தை ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும், கோல்கீப்பருக்கு மட்டும் இரண்டு கை. நகம் வெட்டியிருக்க வேண்டும். உடம்பில் எண்ணெய்ப் பசை ஆகாது. "ரெண்டு காலும் கிரைண்டர் மாதிரி சுத்தணும். வலது இந்தப் பக்கம், இடது அந்தப் பக்கம்." கோல்கீப்பர் நான் என்பதால், ரிசப்ஷன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காலால் மாவாட்டிப் பழகினேன். அறை கேட்டு வந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த ஹோட்டலுக்குப் போய்விட்டது.

பந்து வந்து சேரும்வரை முட்டைக்கோஸை வைத்துப் பழகினோம். நன்றாகவே மிதந்தது. ஆனால் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு இலை கழன்று, கோலை எட்டும்போது எலுமிச்சை அளவில் வந்தது. சமையல்கார பாண்டி, டிரைவர், தோட்டத்தில் இரண்டு பேர், ரூம் பையன்கள் இரண்டு பேர், நான். எட்டாவதாக ஒருவரை மாற்று ஆளாக வைக்கலாமே என்றேன்.

"யாரையும் கரையில உக்கார வைக்க மாட்டேன்" என்றார்.

கடைசியில் மதுரையிலிருந்து ஒரு கல்லூரி அணி சுற்றுலா வந்து எங்கள் ஹோட்டலில் தங்கியது. வாட்டர் போலோ ஆடுகிற பையன்கள். அண்ணன் போய்க் கேட்டதும் அவர்கள் மாஸ்டர் ஒப்புக்கொண்டார். கிளம்புகிற நாள் வெள்ளனே ஆறரைக்கு மேட்ச், எட்டு மணிக்குப் பஸ்.

அன்றோடு மூன்று நாளாக வெயில் இல்லை. சோலாரில் ஓடும் ஹீட்டர் படுத்துவிட்டது. குளம் ஐஸாய்க் கிடந்தது. ஆடலூர்க்காரன் பாண்டி, தேங்காயெண்ணெயில் யூக்கலிப்டஸ் தைலத்தைக் கலந்து ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்தான். மலையில் பிறந்த யாரும் குளிர்ந்த தண்ணீரில் வெறும் உடம்போடு இறங்க மாட்டோம். ஏழு பேரும் உச்சி முதல் உள்ளங்கால்வரை பூசிக்கொண்டு வரிசையில் நின்றோம்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு ரெஃப்ரியாக வந்தார். நகம் பார்த்தார். பிறகு பாண்டியின் முதுகில் கை வைத்தார். கை வழுக்கியது. உள்ளங்கையை முகர்ந்தார்.

"என்னலே இது?"

"குளிருக்குண்ணே. எண்ணெய்னு நெனைக்காதீங்க, மருந்து."

எதிரணிக் கேப்டன் நல்ல பையன். "பரவால்ல சார், நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்" என்றான்.

"நீ பண்ணுவ தம்பி. ரூல் பண்ணாது."

விசிலை ஊதித் தன் அணி ஏழு பேரையும் தானே வெளியேற்றினார். முப்பது வருஷம் காத்திருந்த மேட்ச் அது.

"கழுவிட்டு வெரசா வாங்கலே" என்றார், எங்களைப் பார்க்காமல்.

சமையலறைக்கு ஓடினோம். ஏழு பேருக்கு வெந்நீர் காயவே ஒரு மணி நேரம் ஆனது. பிறகு சோப்பு, பாத்திரம் தேய்க்கிற நார். ஒருவர் முதுகை ஒருவர் அண்டா தேய்ப்பதுபோலத் தேய்த்தோம். அப்போதும் தைலம் லேசில் போகவில்லை. எல்லாம் முடிந்து ஓடிவரும்போது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம்தான் தர முடியும் என்றார் மாஸ்டர்.

அண்ணன் மறுபடி ஒவ்வொருவராக முகர்ந்தார். ஆறு பேர் பாஸ். என் தோளைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இருக்குலே இன்னும்."

ஆறு பேரோடு ஆட்டம் தொடங்க ரூல் இல்லையாம். பாண்டிதான் சொன்னான், "நீங்க எறங்குங்கண்ணே."

"நான் ரெஃப்ரி."

"விசில நான் ஊதுறேண்ணே" என்று கையை நீட்டினேன்.

பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. அண்ணன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கால்சட்டைப் பையிலிருந்து சிவப்புத் தொப்பி ஒன்றை எடுத்தார். பதிமூன்று என்று எண் போட்டிருந்தது. மாற்று கோல்கீப்பர் தொப்பி. ஒருநாளும் நனையாததால் சாயம் அப்படியே இருந்தது.

பத்து நிமிஷத்தில் எங்களுக்கு ஆறு கோல் விழுந்தது. நாங்கள் ஒன்றும் போடவில்லை. ஆனால் அண்ணன் நான்கு பந்தைத் தடுத்தார். நான்காவதைத் தடுக்க இடுப்புவரை தண்ணீருக்கு மேலே எழும்பினார். அந்தப் பையன்களே கைதட்டினார்கள். முடிவு விசில் ஊதினேன். எல்லோரும் ஏறிவிட்டார்கள். அவர் மட்டும் கோலுக்கு முன்னால் மிதந்துகொண்டே இருந்தார். நான் இரண்டாவது தடவை ஊதவில்லை.

குளம் இப்போது இல்லை. மேலே கார்கள் நிற்கின்றன. அண்ணன் பழனியில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்யும்போதெல்லாம், "ஒன்னைய வெளியில நிக்க வச்சிட்டேனேலே" என்று வருத்தப்படுகிறார்.

ரூல் புத்தகம் தவிர வேறெதையும் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் இங்கே சொல்கிறேன். இரண்டாவது சோப்பிலேயே எனக்குத் தைலம் சுத்தமாகப் போய்விட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று சொம்பிலிருந்து மறுபடி பூசிக்கொண்டுதான் போனேன். தெரிந்தால் அந்த மேட்ச் செல்லாது என்று சொல்லிவிடுவார். அதனால் அவரிடம் கடைசிவரை சொல்ல மாட்டேன்.